ஷவர்த் தண்ணீரை வெளியேற்ற எந்தப் பம்ப்? சிறிய பாய்ப்படகுக்கு ஓர் ஒப்பீடு

வாடைக்காற்று அடங்கி, மாசிக் கடைசியில் படகை மறுபடி எடுத்த முதல் நாளே குளியலறையில் தண்ணீர் தேங்கிவிட்டது. உள்ளே குளித்துக்கொண்டிருந்த அக்கா கூப்பிட்டுச் சொன்னார்: “தம்பி, தண்ணி போகுதில்லை. கரண்டைக்கால் வரைக்கும் நிக்குது.” சுவிட்சைப் போட்டால் தளத்துக்கு அடியில் மோட்டர் முனகும் சத்தம் மட்டும் கேட்டது.

படகு அத்தானுக்கும் எனக்கும் பொது. 31 அடி நீளம், 12 வோல்ட் பற்றரி. திருகோணமலை உட்துறைமுகத்தில் நங்கூரமிட்டுக் கிடக்கும். கடல் அமைதியான மாதங்களில் குடும்பத்தோடு நிலாவெளிப் பக்கம் போவோம். சில வேளை கொட்டியாற்றுக் குடாவைக் கடந்து மூதூர்ப் பக்கம் இரவு தங்குவோம். இந்த அளவுப் படகுகளில் குளியலறைத் தளம் பெரும்பாலும் கடல் மட்டத்துக்குக் கீழேதான் இருக்கும். வீட்டில் போலச் சரிவு வைத்துத் தண்ணீரை ஓட விட முடியாது. குளித்த தண்ணீரை ஒரு பம்ப் தூக்கித்தான் வெளியே விட வேண்டும். அது நின்றால் குளியலும் நின்றுவிடும்.

எங்களுடையது பம்பும் சுவிட்சும் உள்ளே வைத்த பெட்டி வகை. அத்தான், அதே மாதிரிப் புதுப் பெட்டி ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாம் என்றார். நான் வேறு வகைப் பம்புக்கு மாற வேண்டும் என்றேன். இரண்டு கிழமை பேசினோம். ஒவ்வொரு தெரிவையும் எடுத்துப் பார்த்தபோது எங்களுக்குத் தெளிவானவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஆனால் தெரிவுக்குப் போக முன்னர் ஒரு வேலை இருக்கிறது. பழையது ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் புதுப் பம்ப் வாங்கியவர்கள் பலர் அடுத்த வருடமும் அதே இடத்தில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

சத்தத்தை வைத்தே பாதி தெரிந்துவிடும். சுவிட்சைப் போட்டும் சத்தமே இல்லையென்றால் பியூஸ், சுவிட்ச், வயர் இணைப்பு என்று பற்றரிப் பக்கமிருந்து வர வேண்டும். முனகுகிறது, சுழலவில்லை என்றால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது. பத்துக்கு ஒன்பது தடவை தலைமயிர். நன்றாகச் சுழலும் சத்தம் கேட்கிறது, தண்ணீர் மட்டும் போகவில்லை என்றால் காற்றுப் பிடித்திருக்கலாம், குழாய் மடிந்திருக்கலாம், அல்லது படகின் வெளிப்பக்கத் துளையில் சிப்பி வளர்ந்து அடைத்திருக்கலாம். மூன்று மாதம் அசையாமல் கிடந்த படகில் இந்தக் கடைசிக் காரணத்தை மறந்துவிடாதீர்கள். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், தண்ணீர் ஏறும்போது பம்பைத் தானாக ஓட்டும் மிதவைச் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது வெளியே போன தண்ணீர் திரும்பி வருகிறது.

எங்களுடையது முனகல். தளப் பலகை மூன்றைக் கழற்றி, வயிற்றில் படுத்து, கையை நீட்டினால்தான் பெட்டி எட்டும். மூடியைத் திறந்ததும் வந்த நாற்றத்தை எழுத வேண்டியதில்லை. தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லரைச் சுற்றிக் கயிறு திரித்த மாதிரி மயிர். அதன் மேல் சவர்க்கார அழுக்கும் சீயாக்காய்த் தூளும் சேர்ந்து களிமண் போலப் படிந்திருந்தன. வெட்டி எடுத்துக் கழுவியதும் பம்ப் சுழன்றது. அத்தானுக்குச் சந்தோஷம். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை, இளைத்த சத்தமாக இருந்தது.

மல்டிமீட்டரை எடுத்தோம். பற்றரியில் 12.5 வோல்ட். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் முனையில் வைத்தால் 10.4. இரண்டு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போகிறது. பம்பை நிறுத்திவிட்டு அளந்தால் இந்தக் குறை தெரியாது. மின்னோட்டம் இல்லாதபோது பழுதான வயர்கூடப் பற்றரியின் முழு வோல்ட்டைக் காட்டும். ஓடும்போது அளப்பதுதான் சோதனை. வயரைத் தடவிக்கொண்டே போனதில், வெறும் டேப் சுற்றிய ஓர் இணைப்பு பச்சைக் களிம்பு பிடித்து உதிரும் நிலையில் இருந்தது. வெட்டியெறிந்து, தகரம் பூசிய செப்பு வயர் வைத்து, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய் போட்டு மூடினோம். பம்ப் முனையில் 12.1 வந்தது.

கணக்கு எளிது. பம்ப் 5 அம்பியர் எடுக்கிறது, பற்றரியிலிருந்து 6 மீற்றர் தூரம் என்று வையுங்கள். போக வர 12 மீற்றர் வயர். 1 சதுர மில்லிமீற்றர் வயரில் ஏறத்தாழ 1 வோல்ட் இழப்பு, 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 0.4 வோல்ட். நல்ல வயருக்கே இவ்வளவு. களிம்பு பிடித்த இணைப்பு இதற்கு மேல் தன் பங்கையும் எடுத்துக்கொள்ளும். எந்தப் பம்ப் வாங்கினாலும் வயர்ச் செலவையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

ஆக, பம்ப் ஓடியது. அப்படியானால் ஏன் மாற்ற வேண்டும் என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. மிதவைச் சுவிட்ச் மூன்று தடவைக்கு ஒரு தடவை ஒட்டிக்கொண்டது, பெட்டி மூடியில் வெடிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக அது இருக்கும் இடம். ஒவ்வொரு முறையும் மூன்று பலகை கழற்றித்தான் துப்புரவு செய்ய முடியுமென்றால் யாரும் செய்யமாட்டோம். இத்தனை மயிர் சேர்ந்ததற்குக் காரணமே அதுதான்.

இனித் தெரிவுகள்.

பெட்டிப் பம்ப்: சூட்கேஸ் போல ஒரு பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே வடிகட்டி, மிதவைச் சுவிட்ச், சக்கரம் சுழன்று தண்ணீரை வெளியே எறியும் சிறிய மையவிலக்குப் பம்ப். தண்ணீர் பெட்டிக்குள் இறங்கியதும் மிதவை எழுந்து பம்ப் தானாக ஓடும், வடிந்ததும் தானாக நிற்கும். குளிப்பவர் ஒன்றையும் நினைக்க வேண்டியதில்லை. அத்தானுக்கு இது பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே இருக்கும் பம்ப் அடிப்படையில் பில்ஜ் பம்புதான், அதாவது படகின் அடிவயிற்றில் (பில்ஜில்) சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப். மீன்பிடிப் படகுகளும் அதையே பாவிப்பதால் மீன்பிடி உபகரணக் கடைகளில் தேடலாம். பெரிய பலநாள் படகுகளுக்கான 24 வோல்ட் பம்பும் பக்கத்திலேயே இருக்கும். காசு கொடுக்க முன் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள்.

பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். மணிக்கு 500 அமெரிக்க கலன் என்றால் நிமிடத்துக்கு 31 லீற்றருக்கு மேல். அது தண்ணீரை மேலே தூக்காமல், குழாயும் இல்லாமல் அளந்தது. ஒரு மீற்றருக்கு மேல் தூக்கி, உட்பக்கம் வரிவரியான குழாய் வழியாக அனுப்பினால் பாதிக்குக் குறைந்தாலும் வியப்பில்லை. ஷவருக்கு அதுவும் போதும். இந்த வகையில் எனக்குக் கவலை தருவது வேறு. பம்ப் நின்றதும் குழாயில் நிற்கும் தண்ணீர் பெட்டிக்குத் திரும்பிவிடும். 19 மில்லிமீற்றர் குழாய் 3 மீற்றர் ஏறிப் போனால் அதற்குள் 850 மில்லிலீற்றர் இருக்கும். ஏறத்தாழ ஒரு சோடாப் போத்தல் அளவு அழுக்குத் தண்ணீர் எப்போதும் பெட்டியில் கிடந்து புளிக்கும். கச்சான் அடிக்கும் மாதங்களில் மூடிய படகுக்குள் இரண்டு நாளில் மணம் எழும்பிவிடும். திரும்புகிற அளவு கூடினால் மிதவை மறுபடி எழும், பம்ப் மறுபடி ஓடும், தண்ணீர் மறுபடி திரும்பும். பற்றரி இறங்கும் வரை இது நடக்கும். ஒருவழி வால்வு ஒன்றை இடையில் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். மையவிலக்குப் பம்புக்கு வலு குறைவு. வால்வைத் தள்ளித் திறக்க முடியாமல் காற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா சுழலும். நான் போடமாட்டேன்.

டயபிரம் பம்ப்: ரப்பர்த் தகடு ஒன்று முன்னும் பின்னும் அசைந்து தண்ணீரை உறிஞ்சித் தள்ளும் வகை. என் கட்சி இதுதான், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்கிறேன். இது தண்ணீருக்குள் இருக்க வேண்டியதில்லை. தானே உறிஞ்சி எடுக்கும் என்பதால், வடிகாலிலிருந்து ஒரு குழாயைக் கொண்டுவந்து, கை எட்டும் அலுமாரிக்குள் உயரத்தில் பொருத்தலாம். தண்ணீர் முடிந்து காற்றை உறிஞ்சினாலும் கெடாது. தளத்தில் கிடக்கும் கடைசிச் சொட்டு வரை இழுத்துவிடுவதால், அடியில் பெட்டி என்ற ஒன்றே தேவைப்படாது; புளித்துக் கிடக்கும் தண்ணீரும் இல்லை. ‘வேல்’ (Whale) நிறுவனத்தின் கல்பர் (Gulper) 220 இந்த வேலைக்கென்றே வருவது. நிமிடத்துக்கு 14 லீற்றர் என்று போட்டிருக்கிறது. படகு ஷவரில் சிக்கனமாகக் குளிப்பவருக்கு மொத்தமே 10 லீற்றர்தான் செலவாகும்.

குறைகளும் உண்டு. விலை, வெறும் பில்ஜ் பம்பைவிடப் பல மடங்கு. ஆனால் பெட்டி முழுவதையும் புதிதாக வாங்குவதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இராது. ‘டக் டக்’ என்று இடிக்கிற சத்தம் வரும். ரப்பர் வைத்துப் பொருத்தினால் குறையும், நிற்காது. உறிஞ்சு குழாய் சுருங்காத வகையாக இருக்க வேண்டும்; ஒரு கிளிப் தளர்ந்தாலும் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றைத்தான் இழுக்கும். இதில் பழுது தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது உறிஞ்சு பக்கத்துக் கிளிப்புகளைத்தான். அப்புறம் உள்ளே இருக்கும் இரண்டு சிறு ரப்பர் வால்வுகள். ஒரு மயிர் குறுக்கே மாட்டினாலும் வால்வு முழுதாக மூடாது, தண்ணீர் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டு நிற்கும். பம்புக்கு முன்னால், கண்ணில் படுகிற இடத்தில் ஒரு வடிகட்டி கட்டாயம். வால்வும் டயபிரமும் அடங்கிய உதிரிப்பாகப் பொதி ஒன்றைப் பம்போடு சேர்த்தே வாங்கிவிட வேண்டும். ஊரில் பழுதான பிறகு தேடினால் கொழும்பிலிருந்து வரும் வரை, இல்லாவிட்டால் வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரின் பெட்டிக்குள் வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

தானாக ஓடும் மிதவை இதில் இல்லை, சுவிட்சை நாமே போட வேண்டும். அத்தான் இதைக் குறையாகச் சொன்னார். என் மனதில் இது நிறை. நிலாவெளிக் கரைக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே பவளப்பாறை இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது சவர்க்காரத் தண்ணீரைப் படகு தன் பாட்டில் கக்கிக்கொண்டிருப்பது எனக்குச் சம்மதமில்லை. எங்கே, எப்போது விடுவது என்பது நம் கையில் இருக்க வேண்டும். மறதிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பம்ப் வெறுமையாக ஓடினாலும் கெடாது, ஆனால் 4 அம்பியர் பத்து மணி நேரம் ஓடினால் 40 அம்பியர் மணி போய்விடும். 100 அம்பியர் மணிப் பற்றரியில் அது பெரிய பங்கு. விரலை எடுத்தால் நின்றுவிடும் அழுத்து சுவிட்ச் வைத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

கைப்பம்ப்: மின்சாரமே வேண்டாம் என்பவர்களுக்கு. வயர் இல்லை, பியூஸ் இல்லை, களிம்பு இல்லை. ஓர் இழுப்புக்கு அரை லீற்றர் என்றால் ஒருவர் குளித்த தண்ணீருக்கு இருபது இழுப்பு. தனியாகவோ இரண்டு பேராகவோ வார இறுதியில் மட்டும் படகில் தங்குகிறவர்களுக்கு இதைத்தான் சிபாரிசு செய்வேன். எங்கள் படகில் அம்மாவும் வருவார். முழங்கால் வலியோடு குனிந்து இருபது தடவை இழுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குளித்து முடித்தவர் வெளியே வந்த பிறகு வேறொருவர் இழுக்கலாம், உண்மை. ஆனால் ஆறு பேர் குளிக்கிற மாலையில் அது நூற்றிருபது இழுப்பு.

ரப்பர் இறகு வைத்த இம்பெல்லர் பம்பை ஷவருக்குப் பரிசீலிக்கவே இல்லை. தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலே இறகு கருகிவிடும். ஷவரில் தண்ணீர் முடிந்த பிறகும் பம்ப் ஓடுவதுதான் வழக்கம்.

பம்பே வேண்டாம், மேல்தளத்தில் வாளியும் கோப்பையும் வைத்துக் குளிக்கலாம் என்பதும் ஒரு வழி. கிணற்றடியில் குளித்து வளர்ந்தவர்கள் நாங்கள், எனக்கும் அத்தானுக்கும் அது போதும். ஆனால் உட்துறைமுகத்தில் கடற்படைப் படகுகளும் மீன்பிடிப் படகுகளும் நாள் முழுவதும் போய்வருகின்றன. அக்காவையும் மகள்மாரையும் அங்கே குளிக்கச் சொல்ல முடியாது. பெண்கள் வரும் படகில் கதவு மூடிய குளியலறை வேலை செய்ய வேண்டும்.

கடைசியாக, ஷவர்த் தண்ணீரை நேரே பில்ஜுக்குள் இறக்கிவிட்டு, அங்கிருக்கும் பம்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது. பழைய படகுகள் சிலவற்றில் இப்படித்தான் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். படகு மூழ்காமல் காப்பது பில்ஜ் பம்ப். அதை மயிரால் அடைக்க வைப்பது ஆபத்தான வேலை. இன்னொன்று: காலையில் பில்ஜில் தண்ணீர் கண்டால் விரலில் தொட்டு நாக்கில் வைத்து, உப்பா நல்ல தண்ணீரா என்று பார்ப்போம். உப்பென்றால் வெளியிலிருந்து ஒழுக்கு, நல்ல தண்ணீரென்றால் தாங்கிப் பக்கம் ஒழுக்கு. குளித்த தண்ணீரை அங்கே கலந்துவிட்டால் இந்த முன்னறிவிப்பு போய்விடும். ஷவர்ப் பம்பின் வெளிக்குழாயையும் பில்ஜ் பம்பின் குழாயோடு இணைக்கக் கூடாது. ஒன்று தள்ளும் தண்ணீர் மற்றதன் வழியாகத் திரும்பிவிடும்.

எதைத் தெரிவு செய்தாலும் வெளித்துளையைப் பற்றி யோசிக்க வேண்டும். துளை கடல் மட்டத்துக்கு மேலே இருந்தாலும், பாய் விரித்துப் படகு சாயும்போது அந்தப் பக்கம் தண்ணீருக்குள் போகலாம். அப்போது குழாய் முழுக்கத் தண்ணீர் இருந்தால், அது தானாகவே கடலைப் படகுக்குள் இழுக்கத் தொடங்கும். குழாயைக் கடல் மட்டத்துக்கு நன்றாக மேலே வளைத்து, வளைவின் உச்சியில் காற்று வால்வு ஒன்று வைத்தால் இது நடக்காது. துளையில் மூடித் திறக்கும் வால்வு இருந்தால் ஓட்டத்துக்கு முன் மூடிவிடுங்கள், குளிக்க முன் திறக்க மறவாதீர்கள். மூடிய வால்வை எதிர்த்துப் பம்பை ஓட்டிவிட்டு, பம்ப் பழுது என்று நாங்களே ஒரு தடவை கழற்றியிருக்கிறோம்.

சவர்க்காரம் பற்றியும் ஒரு சொல். கடல் நீரில் குளித்து நல்ல தண்ணீரில் அலசுகிற பழக்கம் சிக்கனமானதுதான். ஆனால் கடல் நீரில் இருக்கும் கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்தால் வெள்ளைப் பிசுக்காகத் திரியும். மிதவையை ஒட்ட வைப்பதும் வால்வில் படிவதும் அதுதான். கடல் நீரில் குளிப்பதென்றால் ஷாம்பு போன்ற திரவ வகை நல்லது. எண்ணெய் முழுக்கு நாளில் சீயாக்காயைத் தூளாகத் தேய்க்காமல், அவித்து வடித்த தண்ணீராகப் பாவிக்கச் சொல்லி அக்காவிடம் கேட்டேன். ஒத்துக்கொண்டார்.

முடிவு இதுதான். டயபிரம் பம்ப் வாங்கினோம். அத்தான் சம்மதித்தது என் வாதத்துக்காக இல்லை; பலகை கழற்றாமல், நின்றபடியே வடிகட்டியைத் திறந்து கழுவலாம் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான். மூன்று பலகைக்கு அடியில் கை நீட்டியவர் அவரும்தானே. ஆளில்லாத நேரத்திலும் ஓட வேண்டும், அடியில் எளிதாகக் கை எட்டும் இடம் இருக்கிறது என்றால் அவருடைய முதல் யோசனையே சரியாக இருந்திருக்கும். நிதானமாக ஒருநாள் வேலை. பழைய பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, அதிலிருந்த பம்பை மட்டும் கழுவி, நீள வயரும் பற்றரிக் கிளிப்பும் பூட்டி அவசரத்துக்கென்று அலுமாரியில் வைத்திருக்கிறோம். வடிகாலின் மேல் தேத்தண்ணி வடி போன்ற நுண்ணிய கம்பிவலை ஒன்று. குளித்து முடிப்பவர் அதைத் தட்டிவிட்டு வர வேண்டும். படகைக் கட்டி வைக்கும் ஐப்பசிக் கடைசியில் வால்வைக் கழற்றி வினாகிரியில் ஊறப்போட்டுக் கழுவுவது என்று நாட்காட்டியில் எழுதியிருக்கிறோம்.

பொருத்திய அன்று மாலை, தளத்தில் 10 லீற்றர் வாளியைக் கவிழ்த்து நேரம் பார்த்தோம். 55 செக்கனில் தளம் காய்ந்துவிட்டது. அத்தான் இன்னொரு வாளி ஊற்றிப் பார்க்கப் போனார். அக்கா துவாயோடு வாசலில் நின்று, தண்ணீரை வீணாக்காமல் வெளியே வாருங்கள் என்றார்.